4294967297: ஃபெர்மா சறுக்குன எண்ணும் அதோட அக்கம்பக்கமும்

ப்ரோக்ராம் எழுதறவங்களுக்கு 4294967295 ஏற்கெனவே பார்த்த முகமா இருக்கும். 32 பிட் வேரியபிள் (0, 1னு 32 இலக்கம் மட்டும் கொள்ளற பெட்டி மாதிரி) ஒண்ண எடுத்து, இதுல மைனஸே வராதுன்னு சொல்லி வச்சுட்டு, பூஜ்யத்துல இருந்து ஒண்ண கழிச்சீங்கன்னா இதுதான் வந்து நிக்கும். எனக்கு இந்த எண் அறிமுகமானதே அப்படித்தான், ஒரு லூப் மேல இருந்து கீழ எண்ணிட்டு வந்து பூஜ்யத்த தாண்டினதும் நிக்கணும், ஆனா அது தாண்டின உடனே நேரா 429 கோடிக்கு தாவி திரும்ப இறங்க ஆரம்பிச்சுடுச்சு, அரை நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அப்போ அது வெறும் தலைவலி. இதுக்கு ரெண்டே எண் தள்ளி இருக்கற 4294967297 தான் ஃபெர்மா மாதிரி ஒரு பெரிய ஆளையே தப்பா பேச வச்ச எண்ணுன்னு ரொம்ப நாள் கழிச்சு தெரிஞ்சுது, அதுக்கப்புறம் இந்த ரெண்டையும் பிரிச்சு பார்க்கவே முடியல.

ஒவ்வொரு தடவையும் பத்து இலக்கத்த முழுசா எழுதினா கண்ணு கட்டும், அதனால கடைசி மூணு இலக்கத்த மட்டும் செல்லப்பேரா வச்சுக்கலாம்: 294, 295, 296, 297, 298. அஞ்சு பேரும் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்துக்கு அப்புறம் வரிசையா உட்கார்ந்திருக்காங்க. நடுவுல இருக்கறவர் 296, அவர்தான் 2³², ரெண்ட 32 தடவ எழுதி பெருக்கினா வர்றவர். இந்த தெருவுல மத்தவங்களுக்கு கிடைச்ச பேரு புகழ் எல்லாம் இவர் நடுவுல இருக்கறதால தான்.

கதை 297-ல ஆரம்பிக்குது. ஃபெர்மா பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல கோர்ட்டு பதவில இருந்தவர், கணக்கு அவருக்கு வேலை போக மிச்ச நேரத்துல செய்யற விஷயம், ஆனா அந்த மிச்ச நேரத்துல அவர் செஞ்சத படிச்சு முடிக்க மத்தவங்களுக்கு நூறு வருஷம் ஆச்சு. 1640-ல எழுதின கடிதங்கள்ல ஒண்ணு சொல்றார்: 2-க்கு மேல அடுக்கா 1, 2, 4, 8, 16னு இரட்டிச்சுக்கிட்டே போற எண்கள போடுங்க, வர்ற விடையோட 1 கூட்டுங்க, கிடைக்கறது எப்பவும் பகா எண்ணா தான் இருக்கும். 3, 5, 17, 257, 65537. இப்படி வர்ற எண்களுக்கு ஃபெர்மா எண்கள்னு பேரு. இந்த அஞ்சும் பகா எண் தான், அதுல தகராறு இல்ல. என்கிட்ட முழு நிரூபணம் கிடையாதுன்னு அவரே ஒத்துக்கறார், ஆனா நம்பிக்கைல மட்டும் குறை வைக்கல.

ஏன் இரட்டிக்கற அடுக்கு மட்டும்னு ஒரு கேள்வி வரும். அடுக்குல 1-ஐ விட பெரிய ஒற்றைப்படை காரணி ஒண்ணு ஒளிஞ்சிருந்தா அந்த எண் தானா உடைஞ்சுடும். 2⁶ + 1 எடுத்துக்கோங்க, 2⁶ங்கறது 4³, 4³ + 1-ஐ 4 + 1 எப்பவுமே மீதி இல்லாம வகுக்கும், அதனால 65 = 5 × 13. 2¹² + 1 = 4097, அது 16³ + 1, அதனால 17 உள்ள இருக்கு, 17 × 241. ஒற்றைப்படை கலப்பே இல்லாத அடுக்குன்னா 1, 2, 4, 8, 16, 32 இதுங்க தான். அங்க மட்டும்தான் பகா எண் வர்றதுக்கு வழி இருக்கு, வழி இருக்குங்கறத பார்த்துட்டு ஃபெர்மா கட்டாயம் வரும்னு சொல்லிட்டார். அடுத்தது 32. அங்க தான் 2³² + 1 = 297.

இத உடைக்க எவ்வளவு வேலை ஆகும்னு பார்ப்போம். 297-ஓட வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருது, அதுக்கு கீழ மொத்தம் 6542 பகா எண்கள் இருக்கு, ஒண்ணொண்ணா வகுத்து பார்த்தா மோசமான நிலைமைல 6542 வகுத்தல். கைல செய்யறதுன்னா யாருக்கும் சலிப்பு தட்டும். ஆனா உண்மையில இதோட சின்ன காரணி 641, பகா எண் வரிசைல அது 116-வது ஆளு. முட்டாள்தனமா 2, 3, 5, 7னு ஆரம்பிச்சு வகுத்துட்டே போயிருந்தா கூட 116-வது வகுத்தல்ல மாட்டியிருக்கும். அத விட வேடிக்கை, அதே 1640-ல ஃபெர்மா 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும்னு கண்டுபிடிச்சிருந்தார், அதுக்கு அவர் பயன்படுத்தின குறுக்குவழிய இங்கயும் போட்டிருந்தா நாலஞ்சு வகுத்தல்ல முடிஞ்சிருக்கும். சாவி பாக்கெட்லயே இருந்திருக்கு, பூட்ட திறந்து பார்க்கல. எங்கயோ கணக்குல கை தவறியிருக்கலாம்னு தான் எனக்கு தோணுது, அத தவிர இதுக்கு நல்ல விளக்கம் எனக்கு வேற கிடைக்கல.

கிட்டத்தட்ட 90 வருஷம் இது இப்படியே கிடந்துச்சு. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்குங்கற கணக்கறிஞர் ஆய்லர்ங்கற இன்னொரு கணக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதறார், ஃபெர்மா சொன்ன இந்த விஷயம் தெரியுமா, அது சரிதானான்னு. ஆய்லருக்கு அப்போ 22 வயசு, முதல்ல பெருசா கண்டுக்கல. ஆனா 1732-ல விடை வந்துடுச்சு: 4294967297 = 641 × 6700417.

அவர் குருட்டாம்போக்குல 641-ஐ பிடிக்கல. ஒரு பகா எண் 297-ஐ வகுக்குதுன்னு வச்சுக்கோங்க. அந்த பகா எண்ணால வகுத்தா வர்ற மீதிகள மட்டும் பார்த்துட்டே வருவோம், 1-ல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா பெருக்கிட்டு போறோம். 32-வது அடில 2³² வரும், 2³² + 1 மீதி இல்லாம வகுபடறதால அங்க மீதி −1னு அர்த்தம், அத வர்க்கம் பண்ணா 64-வது அடில 1-க்கு திரும்பி வந்துடுவோம். அதுக்கு முன்னாடியே 1-க்கு வந்திருக்க முடியாது, ஏன்னா சுத்தோட நீளம் 64-ஐ வகுக்கணும், 64-ஐ விட சின்னதுன்னா 32-ஐயும் வகுக்கணும், அப்போ 32-வது அடிலயும் 1 தான் இருந்திருக்கணும், ஆனா அங்க இருக்கறது −1. ஆக சுத்து சரியா 64 அடி. இதுக்கு மேல ஃபெர்மாவோட சின்ன தேற்றம் ஒண்ணு இருக்கு, பகா எண்ணுல ஒண்ண கழிச்சா எத்தனையோ அத்தனை அடில கட்டாயம் 1-க்கு வந்து சேருவோம்னு சொல்றது. அப்போ அந்த எண்ணிக்கை 64-ஓட மடங்கா தான் இருந்தாகணும். அதாவது 297-க்கு காரணியா வர்றதுக்கு தகுதி உள்ள பகா எண் எல்லாமே 64-ஓட மடங்குக்கு ஒண்ணு கூட: 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுல விழுந்துடுச்சு. ஃபெர்மாவ கவுக்க ஃபெர்மாவோட தேற்றமே போதுமா இருந்திருக்கு.

1878-ல லூக்காஸ்ங்கற கணக்கறிஞர் இத இன்னும் இறுக்கினார், 64 இல்ல, 128-ஓட மடங்குக்கு ஒண்ணு கூட தான் வரும்னு. அப்படி பார்த்தா 129, 257, 385, 513, 641. இதுல பகா எண் 257-உம் 641-உம் தான், 257 ஏற்கெனவே ஃபெர்மா பட்டியல்ல இருக்கறதால அது 297-ஐ வகுக்க வாய்ப்பே இல்ல (ஏன்னு கொஞ்சம் கீழ வரும்), ஆக முதல் வகுத்தல்லயே 641.

வகுத்து கூட பார்க்க வேண்டாம், 641-ஓட முகத்த பார்த்தாலே போதும்னு ஒரு அழகான வழி இருக்கு. 641-ஐ ரெண்டு விதமா எழுதுங்க. ஒண்ணு, 641 = 5 × 128 + 1. இன்னொண்ணு, 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல்ல உள்ளத வச்சு பார்த்தா 641-ஆல வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. அத நாலாம் அடுக்குக்கு ஏத்துங்க, 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ரெண்டாவதுல இருந்து 5⁴-ம் −2⁴-ம் ஒரே மீதி, அதனால 5⁴ இருக்கற இடத்துல −2⁴ போடுங்க, −2³²-க்கு மீதி 1னு வருது, அதாவது 2³² + 1 மீதியே இல்லாம வகுபடுது. ரெண்டு வரி கணக்கு. பத்து இலக்க எண்ண தொடவே இல்ல.

மத்த காரணி 6700417 பகா எண்ணா இல்ல இன்னும் உடையுமா? இதையும் கைலயே முடிச்சுடலாம். அது உடையறதா இருந்தா சின்ன காரணி அதோட வர்க்கமூலமான 2588-க்குள்ள இருக்கணும், அதுவும் 297-ஐ வகுக்கற ஆளா இருக்கறதால 128 மடங்கு கூட்டல் 1 விதிக்கு கட்டுப்படணும். 2588 வரைக்கும் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். 257-ஐ ஏற்கெனவே தள்ளியாச்சு. 641-ஆல வகுத்தா மீதி 44, 769-ஆல 120, 1153-ஆல 334, 1409-ஆல 622. நாலே வகுத்தல், 6700417 பகா எண்ணுன்னு தீர்ந்துடுச்சு. எழுபது லட்சத்த ஒட்டின ஒரு எண்ண நாலு வகுத்தல்ல பகா எண்ணுன்னு சொல்ல முடியறது எனக்கு இன்னமும் கொஞ்சம் திருட்டுத்தனமாவே தெரியுது.

297-ஐ உடைக்க இன்னொரு பாதையும் இருக்கு, இது வர்க்கங்கள் வழியா. 297-ஐ பார்த்ததுமே அது ரெண்டு வர்க்கத்தோட கூட்டல்னு தெரியும், 65536² + 1². இதுல விசேஷம் ஒண்ணும் இல்ல, எழுதினதே அப்படித்தான். ஆனா 62264² + 20449² போட்டு பாருங்க: 3876805696 + 418161601 = 4294967297. அதே எண், வேற ரெண்டு வர்க்கம். ஒரு பகா எண்ண ரெண்டு வர்க்கமா பிரிக்க முடியும்னா ஒரே ஒரு விதமா தான் பிரிக்க முடியும், ரெண்டு விதமா பிரிஞ்சாலே அது பகா எண் இல்ல. இதுல இருந்து காரணிய வெளிய எடுக்கறதும் சுலபம். 65536-ல இருந்து 62264 போனா 3272, 20449-ல இருந்து 1 போனா 20448, ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 8, மிச்சம் 409-உம் 2556-உம். கழிச்சதுக்கு பதிலா கூட்டினா 127800, 20450, இதுங்களுக்கு பொதுக் காரணி 50. இப்போ 8-லயும் 50-லயும் பாதி எடுத்துக்கோங்க, 4² + 25² = 641. 409² + 2556² = 6700417. மேல வந்த அதே 16 + 625 திரும்ப வந்து நிக்குது பாருங்க.

ஃபெர்மாவுக்கு ஒரு சமாதானம் சொல்லணும்னா அதுவும் இருக்கு. ஒரு எண் பகா எண்ணான்னு சோதிக்க அவரோட சின்ன தேற்றத்தையே பயன்படுத்தலாம், ரெண்ட எடுத்து, எண்ணுல ஒண்ணு கழிச்ச அளவுக்கு அடுக்கு ஏத்தி, அந்த எண்ணால வகுத்து மீதி 1 வருதான்னு பார்க்கறது. வரலைன்னா கட்டாயம் பகு எண். 297-ஐ இந்த சோதனைல போட்டா 1 வந்துடும், கச்சிதமா பாஸ் ஆயிடும். ஏன்னா 2⁶⁴-லயே 1-க்கு வந்தாச்சு, 297-ல ஒண்ணு கழிச்சா 2³², அது 64-ஓட மடங்கு. பகா எண் மாதிரி நடிக்கற எண்ணுங்க இருக்கு, அதுல இதுவும் ஒண்ணு. ரெண்டுக்கு பதிலா மூண வச்சு அதே சோதனைய பண்ணா வேஷம் கலைஞ்சுடும், 1 வர வேண்டிய இடத்துல 3029026160னு ஏதோ ஒண்ணு வருது. 1877-ல பெப்பன்னு ஒருத்தர் இந்த மூண வச்சே ஃபெர்மா எண்களுக்குன்னு ஒரு முழுமையான சோதனைய கொடுத்தார், இன்னைக்கும் பெரிய ஃபெர்மா எண்கள அதுல தான் போட்டு பார்க்கறாங்க.

இப்போ ரெண்டு வீடு தள்ளி 295-க்கு வருவோம். பிரிச்சு பாருங்க: 2³² − 1 = (2¹⁶ − 1)(2¹⁶ + 1), அதுல முதல் பாதி திரும்ப (2⁸ − 1)(2⁸ + 1), அது திரும்ப, அப்படியே போனா கடைசில 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மா சொன்னதுல சரியா வந்த அஞ்சு பேரும் ஒரே எண்ணுக்குள்ள, ஆளுக்கு ஒரு தடவ, வேற யாரும் இல்லாம. அவர் சரியா சொன்னது மொத்தமும் 295-ல இருக்கு, தப்பா சொன்னது ரெண்டு எண் தள்ளி 297-ல இருக்கு. இந்த இடத்த முதல் தடவ பார்த்தப்போ நான் எழுந்து நடந்துட்டு வந்தேன்.

இது தற்செயல் கிடையாது. ஃபெர்மா எண்கள் வரிசைல எந்த எண்ண எடுத்தாலும் அதுக்கு முன்னாடி உள்ள எல்லாத்தையும் பெருக்கினா அத விட ரெண்டு கம்மியா வரும். 3 × 5 = 15, அடுத்தது 17. 15 × 17 = 255, அடுத்தது 257. அதனால எந்த ரெண்டு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுவா ஒரு காரணி இருக்க முடியாது, இருந்தா அது 2-ஐ வகுக்கணும், ஆனா எல்லாமே ஒற்றைப்படை. மேல 257-ஐ யோசிக்காம தள்ளினதுக்கு காரணம் இதுதான். கோல்ட்பாக் 1730-ல ஆய்லருக்கு எழுதின கடிதத்துலயே இந்த விஷயம் இருக்கு. இதுல இருந்து பகா எண்கள் முடிவில்லாதவைன்னு ஒரு நிரூபணமும் இலவசமா கிடைக்குது, ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்னாடி யார்கிட்டயும் இல்லாத ஒரு புது பகா எண்ணயாவது கொண்டு வந்தாகணும், 297 கொண்டு வந்தது 641-உம் 6700417-உம்.

295-க்கு வடிவியல்ல ஒரு பெருமை இருக்கு. அடிக்கோலும் கவராயமும் மட்டும் வச்சு வரையக்கூடிய ஒழுங்கு பலகோணம் எதெதுன்னு கிரேக்கர் காலத்துல இருந்து கேள்வி, 3, 5, 15 பக்கம் அவங்களுக்கே தெரியும், அதுங்கள இரட்டிக்கவும் தெரியும், 7 வரல, 9 வரல, அப்படியே ரெண்டாயிரம் வருஷம் நின்னுடுச்சு. 1796 மார்ச் 30, காஸ்ங்கற கணக்கறிஞருக்கு 18 வயசு, 17 பக்கம் முடியும்னு கண்டுபிடிச்சார். ஒற்றைப்படை பக்கம்னா வெவ்வேற ஃபெர்மா பகா எண்களோட பெருக்கலா இருந்தா வரையலாம்னு அவர் காட்டினார், அப்படி இல்லைன்னா முடியவே முடியாதுன்னு 1837-ல வான்ட்செல்னு ஒருத்தர் நிரூபிச்சார். நமக்கு தெரிஞ்ச ஃபெர்மா பகா எண் அஞ்சு, அதுல வேணுங்கறத எடுத்து பெருக்கினா 1-ஐ விட்டுட்டு 31 எண் கிடைக்கும், அந்த 31-உம் 295-ஓட காரணிகள் தான், வேற எதுவும் இல்ல. அதுல பெருசு 295 தானே. அதாவது அடிக்கோல் கவராயத்தால வரைய முடியும்னு நமக்கு தெரிஞ்ச ஒற்றைப்படை பலகோணங்கள்லயே பெருசுக்கு 4294967295 பக்கம். பூமத்திய ரேகைய வட்டமா வச்சுக்கிட்டு அதுக்குள்ள இத வரைஞ்சா ஒரு பக்கத்தோட நீளம் 9.3 மில்லிமீட்டர் தான் வரும், விரல் நகம் அளவு. 65537 பக்கத்துக்கு வரையற முறைய ஹெர்மஸ்னு ஒருத்தர் பத்து வருஷம் உட்கார்ந்து எழுதி 1894-ல முடிச்சார், அந்த கைப்பிரதி ஜெர்மனில கோட்டிங்கன் நகரத்துல இருக்கு. யாரு முழுசா படிச்சிருப்பாங்கங்கறது வேற விஷயம்.

இந்த 31 காரணிகளும் இன்னொரு எதிர்பாராத இடத்துல வரிசையா வந்து நிக்கும். பாஸ்கல் முக்கோணம் (ஓரத்துல எல்லாம் 1, உள்ள ஒவ்வொண்ணும் அதுக்கு மேல உள்ள ரெண்டோட கூட்டல்) எழுதுங்க, ஒற்றைப்படை இருக்கற இடத்துல 1, இரட்டைப்படை இருக்கற இடத்துல 0 போடுங்க. 1, 11, 101, 1111, 10001, 110011 அப்படின்னு வரிகள் வரும். ஒவ்வொரு வரியையும் பைனரியா, அதாவது 0, 1 மட்டும் வச்சு ரெண்டோட அடுக்குகள்ல எழுதின எண்ணா படிங்க: 1, 3, 5, 15, 17, 51. அடுத்த வரி 1 6 15 20 15 6 1, அது 1010101, அதாவது 85. அடுத்து 255, 257னு போகும். இதெல்லாம் அந்த பலகோண பட்டியல் தான், அதே வரிசைல. உச்சில இருக்கற ஒத்த 1-ஐ பூஜ்யமாவது வரின்னு வச்சு எண்ணினா, வரி எண்ணயே பைனரில எழுதினா எந்தெந்த ஃபெர்மா எண்கள பெருக்கணும்னு அதுவே சொல்லிடும். 1-க்கு 3, 2-க்கு 5, 4-க்கு 17ன்னு வச்சுக்கோங்க. 5-வது வரின்னா 4 + 1, அதனால 17 × 3 = 51. 6-வதுன்னா 4 + 2, அதனால 17 × 5 = 85. இப்படியே இறங்கி 31-வது வரிக்கு வந்தா 32 இடமும் ஒற்றைப்படை, 32 ஒண்ணு வரிசையா, அது 295. அடுத்த வரி, 32-வது, ரெண்டு ஓரத்துல மட்டும் 1, நடுவுல 31 பூஜ்யம், அது 297. முக்கோணத்துல இந்த ரெண்டு பேரும் அடுத்தடுத்த வரில குடியிருக்காங்க, 296 அங்க இல்லவே இல்ல. பலகோண பட்டியலும் சரியா இந்த இடத்துல தான் அறுந்து போகுது, ஏன்னா முக்கோணம் பாட்டுக்கு அதோட விதிப்படி போயிட்டே இருக்கு, ஃபெர்மா எண் தான் பகா எண்ணா இருக்கறத நிறுத்திடுச்சு.

சதுரங்கப் பலகைல முதல் கட்டத்துல ஒரு மணி, அடுத்ததுல ரெண்டு, அடுத்ததுல நாலுன்னு வைக்கற கதை எல்லாருக்கும் தெரியும். பாதி பலகை, 32 கட்டம், முடிஞ்சதும் மொத்தம் 295 மணி. முழு பலகைக்கும் 18446744073709551615, அது வேற எதுவும் இல்ல, 295-ஐயும் 297-ஐயும் பெருக்கினது.

296-க்கும் 295-க்கும் நடுவுல இன்னொரு ஒத்துமை, இது கொஞ்சம் மறைவா இருக்கும். 1-ல இருந்து 296 வரைக்கும் உள்ள எண்கள்ல 296-ஓட பொதுக் காரணி எதுவும் இல்லாதது எத்தனை? 296 முழுக்க ரெண்டு தான், அதனால ஒற்றைப்படை எல்லாம் தேறும், சரியா பாதி, 2147483648. 295-க்கு அதே கேள்வி கேட்டா, ஒவ்வொரு பகா காரணிலயும் ஒண்ணு கழிச்சு பெருக்கணும்: 2 × 4 × 16 × 256 × 65536. ரெண்டோட அடுக்கு எல்லாத்தையும் கூட்டினா 1 + 2 + 4 + 8 + 16 = 31, ஆக 2³¹, அதே 2147483648. ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு பகா காரணி தான், 32 தடவ திரும்ப திரும்ப, இன்னொருத்தர்கிட்ட அஞ்சு வெவ்வேற ஆளு, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை.

296-ஐ பத்தி தனியா சொல்ல கணக்குல பெருசா ஒண்ணும் இல்ல, 65536-ஓட வர்க்கம், 256-ஓட நாலாம் அடுக்கு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பக்கம் தான் இவருக்கு மவுசு. 256-ஓட நாலாம் அடுக்குங்கறதால தான் பழைய ஐபி முகவரி (இன்டர்நெட்ல ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கற எண்) நாலு பகுதியா, ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 255 வரைக்கும் இருக்கு, மொத்தமே இவ்வளவு முகவரி தான், மேல இருந்து பிரிச்சு கொடுக்கற பொது இருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி காலியாச்சு. மில்லி செகண்ட்ல எண்ணினா 296 சரியா 49 நாள் 17 மணி நேரத்த கொஞ்சம் தாண்டும், விண்டோஸ் 95 நிறுத்தாம 49.7 நாள் ஓடினா தொங்கிடும்ங்கற புகழ்பெற்ற பிரச்சனை இங்க இருந்து வந்தது தான்.

294 மேலோட்டமா பார்த்தா சாதுவான இரட்டைப்படை எண். ரெண்டால வகுத்தா 2147483647, அது 2³¹ − 1, பகா எண். இத பகா எண்ணுன்னு நிரூபிச்சது யாருன்னு நினைக்கறீங்க, அதே ஆய்லர், 1772-ல. 25 வயசுல 297-ஐ உடைச்சவர், நாற்பது வருஷம் கழிச்சு, கண்பார்வை ஏறக்குறைய முழுசா போன பிறகு, மூணு எண் தள்ளி இருக்கறவரோட பாதிய உடையவே உடையாதுன்னு காட்டியிருக்கார். அதுக்கப்புறம் பல பத்து வருஷம் தெரிஞ்ச பகா எண்கள்லயே பெருசு அதுதான். அத 2³⁰-ஆல பெருக்கினா 2305843008139952128, தன்னோட காரணிகள (தன்ன தவிர) கூட்டினா தானே வர்ற செவ்விய எண், அந்த வரிசைல எட்டாவது. 2038 ஜனவரி 19-ஆம் தேதி பழைய 32 பிட் கடிகாரங்கள் நின்னு போகும்னு சொல்றாங்களே, 1970-ல இருந்து எண்ணிட்டு வர்ற செகண்ட் அன்னைக்கு இந்த 2147483647-ஐ தொடறது தான் காரணம்.

298-ஐயும் விட்டுடக் கூடாது, 2 × 3 × 715827883, கடைசில இருக்கறது பகா எண். இந்த தெருவுல சுத்தமான பகா எண் ஒருத்தரும் இல்ல, கீழ 4294967291, மேல 4294967311, நடுவுல 19 எண்ணும் உடையற ஆளுங்க தான்.

297-க்கு அப்புறம் ஃபெர்மாவோட வரிசை என்ன ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணு கூட தேறல. அடுத்தது 2⁶⁴ + 1, அத 1880-ல லாண்ட்ரிங்கறவர் 82 வயசுல உடைச்சார், 274177 × 67280421310721. அதுக்கடுத்தத உடைக்க 1970 வரைக்கும் கம்ப்யூட்டருக்காக காத்திருக்க வேண்டியதா போச்சு. 297-ஐ அஞ்சாவது ஃபெர்மா எண்ணுன்னு சொல்லுவாங்க (3-ஐ பூஜ்யமாவதா வச்சு எண்றது வழக்கம்), அந்த அஞ்சுல இருந்து 32 வரைக்கும் எல்லாமே பகு எண்ணுன்னு நிரூபிச்சாச்சு. அதுல 20-வதும் 24-வதும் விசித்திரம், உடையும்னு உறுதியா தெரியும், ஒரு காரணி கூட இதுவரைக்கும் யார் கைக்கும் கிடைக்கல. 33-வதுக்கு 258 கோடிக்கு மேல இலக்கம், அது எந்த பக்கம்னு யாருக்கும் தெரியாது. நிறைய பேர் அதுவும் பகு எண்ணா தான் இருக்கும்னு நினைக்கறாங்க, நானும் அந்த கட்சி தான். ஆனா ஒருவேளை அது பகா எண்ணுன்னு வந்துச்சுன்னா காஸோட பட்டியல்ல ஒரு ஆளு கூடும், 295 அந்த பெரிய ஒற்றைப்படை பலகோண பதவிய இழக்கும், 31ங்கற கணக்கு ஒரே நாள்ல 63 ஆயிடும்.